கரோலின் நினைவாக ஒரு சான்றிதழ்

கோயமுத்தூர் பீளமேட்டில் இருக்கும் அந்தக் கத்தோலிக்கப் பங்குக் கோயிலில் மொத்தம் பதினெட்டு மின்விசிறிகள். பதினெட்டின் இறக்கைகளிலும் யாராவது ஒருவருடைய பெயர் இருக்கிறது. ஓடும்போது படிக்க முடியாது. கரண்ட் போனால் வியர்த்துக்கொண்டே படிக்கலாம். பெஞ்சுகளும் அப்படித்தான். முதுகுச் சாய்மானத்தில் 'அன்னாரின் நினைவாக' என்று வெள்ளைப் பெயின்டில் எழுதியிருப்பதை, பின்னால் முழங்காலிட்டிருப்பவர் வேண்டாம் என்றாலும் பூசை முடிகிறவரை படித்தாக வேண்டும். ஒலிபெருக்கி, தண்ணீர்க் குழாய் என்று ஆரம்பித்துச் செருப்பு வைக்கும் ஸ்டாண்டு வரைக்கும் பெயர் ஏறிவிட்டது. செத்துப்போனவருக்கு முதல் வருஷ நினைவுப் பூசை வருவதற்குள் அவர் பெயரில் ஒரு பொருள் கொடுத்துவிட வேண்டும். அது சொந்தக் காசில் வாங்கியதாக இருக்க வேண்டும். அதில் பெயர் இருக்க வேண்டும். எங்கும் எழுதிவைக்காத சட்டம் இது, ஆனால் யாரும் மீறியதில்லை.

அமிர்தராஜும் மீறுவதாக இல்லை. ஆனால் அவர் கொடுக்க நினைத்த பொருளை அதற்கு முன்னால் எந்தப் பங்கிலும் யாரும் கொடுத்திருக்க மாட்டார்கள். தன் மனைவி கரோலினின் நினைவாக அவர் ஒரு எஸ்.எஸ்.எல். சான்றிதழ் கொடுப்பதாக இருந்தார்.

விஷயத்தைக் கேட்டதும் பங்குப் பேரவைச் செயலாளர் சைமன் ஒரே ஒரு சந்தேகம்தான் கேட்டார்.

"சரிங்க, அதை எங்க மாட்டறது?"

"மாட்டற பொருளில்லீங்க. இன்டர்நெட்டுல இருக்கும்."

"அப்பப் பேரு எப்படித் தெரியும்?"

"உள்ள எழுதியிருக்குமுங்க. தட்டிப் பாத்தாத் தெரியும்."

சைமன் தலையாட்டினார். புரிந்ததற்கான தலையாட்டல் இல்லை அது. ஞாயிற்றுக்கிழமை அறிவிப்பில் ஒரு வரி கூடியது என்பதற்கான தலையாட்டல்.

இந்த யோசனை அமிர்தராஜுக்கு வந்ததற்குக் காரணம் ஒரு நோட்டு. கரோலின் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை பார்த்தவள். ஊரில் யாருக்கு என்ன வகை ரத்தம் என்று பத்தொன்பது வருஷமாக ஒரு நீள நோட்டில் எழுதி வைத்திருந்தாள். பிரசவம், விபத்து, ஆபரேஷன் என்று எந்த ஆஸ்பத்திரியில் ரத்தம் தேவைப்பட்டாலும் அவளுக்குப் போன் வரும். அவள் நோட்டைப் புரட்டி நாலு பேரைக் கூப்பிட்டால் அதில் ஒருவராவது போய்க் கை நீட்டிவிடுவார். பெயர், போன் நம்பர் மட்டும் அல்ல, அவள் மற்றதும் எழுதுவாள். 'இவர் வெறும் வயிற்றோடு வருவார், இட்லி வாங்கிக் கொடுக்கணும்.' 'இவனுக்கு ஊசியைக் காட்டக் கூடாது.' 'இந்தப் பெண் மாமியாருக்குத் தெரியாமல் கொடுக்கிறாள், வீட்டு நம்பருக்குப் பேசக் கூடாது.'

அவள் போன பிறகு நோட்டு அமிர்தராஜ் கையில் தங்கியது. பாதிப் பேருக்கு வயசாகிவிட்டது, கால்வாசிப் பேர் ஊர் மாறிவிட்டார்கள். புதிதாக ஆள் சேர்க்காவிட்டால் இன்னும் இரண்டு வருஷத்தில் நோட்டு பழைய பேப்பர் கடைக்குத்தான் போகும். அதனால் ஒரு வலைத்தளம் போட்டார். பம்பு கம்பெனி ஒன்றில் மோட்டாருக்குச் செம்புக் கம்பிக் காயில் சுற்றும் பிரிவில் முப்பத்து நாலு வருஷம் ஃபோர்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர் அவர். பிரித்துப் போட்டால் திரும்பக் கோத்துவிடலாம் என்ற எண்ணம் உள்ளவருக்குக் கம்ப்யூட்டரிடம் பயமில்லை. இலவசமாக இடம் கொடுக்கும் ஒரு ஹோஸ்டிங்கில் கணக்குத் தொடங்கி, 'பீளமேடு பிளட்' என்று ஒரு முகவரி வாங்கி, பெயரும் ரத்த வகையும் போன் நம்பரும் பதிகிற மாதிரி ஒரு படிவத்தைப் போட்டுவிட்டார்.

ஒரு மாதத்தில் நாலு பேர் பதிந்தார்கள். ஒன்று அவரே. இரண்டாவது, மூன்றாவது கரோலினின் அண்ணன் மகள் ஜெனிஷாவும் அவள் புருஷனும். நாலாவது சைமன், அவருக்கு அறுபத்தெட்டு வயசு, சர்க்கரை வேறு.

மற்றவர்கள் ஏன் பதியவில்லை என்பதைப் பக்கத்து வீட்டு மாசாணியம்மாள்தான் போட்டு உடைத்தாள்.

"ஏனுங்ணா, உங்க வெப்சைட்டைத் தொறந்தாப் 'பாதுகாப்பு இல்லை'ன்னு வருதுங்களே. நம்பரைப் போட்டாப் பேங்குல இருக்கறதைத் தூக்கிருவாங்கன்னு என்ற பையன் பயமுறுத்தறானுங்க." அத்தோடு விட்டிருக்கலாம். "அக்கா இருந்தப்ப இப்படியெல்லாம் வந்ததில்லீங்களே" என்று சேர்த்துச் சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

கரோலின் இருந்தபோது வலைத்தளமே கிடையாது. ஆனாலும் அந்த வார்த்தை அமிர்தராஜுக்குச் சுருக்கென்று தைத்தது. கரோலின் கட்டிக் காத்த நோட்டுக்குப் பாதுகாப்பு இல்லை என்று ஊர் பேசுகிறது, அதுவும் அவர் கைக்கு வந்த பிறகு.

சனிக்கிழமை ஜெனிஷா சரவணம்பட்டியிலிருந்து வந்தபோது அவளிடம் கேட்டார். நாற்பது வயசு, இரண்டு பிள்ளைகள், ஒரு சாஃப்ட்வேர் கம்பெனியில் அடுத்தவர் எழுதியதில் தப்புக் கண்டுபிடிக்கிற உத்தியோகம். அந்தக் குணம் வீட்டுக்கும் கூடவே வரும்.

"எஸ்.எஸ்.எல். இல்ல மாமா, அதான். நீங்க எழுதறதும் அவங்க அனுப்பறதும் நடுவுல யாரும் எட்டிப் பாக்காம பூட்டற மாதிரி. சான்றிதழ் ஒண்ணு போட்டாச் சரியாப் போயிருமுங்க. சும்மாவே தருவாங்க, நான் போட்டுத் தரட்டுங்களா?"

"சும்மா வேண்டாம். காசு குடுத்தாக் கிடைக்குமா?"

"கிடைக்கும். எதுக்கு?"

"அவ பேருல குடுக்கோணும். வருசப் பூசைக்கு."

ஜெனிஷா அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "ஊடு ஓசி, பூட்டு மட்டும் காசு போட்டுங்களா மாமா?"

"ஊடு யாருதாவும் இருந்துட்டுப் போகட்டும் அம்மணி. பேரு எழுதற பொருளு நம்ம காசுல இருக்கோணும்."

இந்தக் கணக்கு ஜெனிஷாவுக்கும் தெரிந்ததுதான். அவளுடைய அப்பா பெயரும் அதே கோயிலில் ஏழாவது மின்விசிறியில்தான் சுற்றிக்கொண்டிருக்கிறது. "அது பெஞ்சு மாதிரி கிடையாதுங்க, ஒரு வருசத்துக்குக்கூட வராது, புதுப்பிச்சுட்டே இருக்கோணும்" என்று மட்டும் எச்சரித்தாள். பூசையும் வருஷா வருஷம்தானே வைக்கிறோம் என்று அவர் அவள் வாயை அடைத்துவிட்டார்.

திங்கட்கிழமை காலை காப்பி குடித்த கையோடு உட்கார்ந்து சான்றிதழை வாங்கினார். வாங்கியதும் கையில் கொடுத்துவிட மாட்டார்கள் என்பது பிறகுதான் தெரிந்தது. முதலில் ஒரு விண்ணப்பம் நிரப்ப வேண்டும். நிரப்பினால் அதற்கு ஒரு சாவி கொடுப்பார்கள், புரியாத எழுத்துகளாக ஒரு பக்கம். அதைப் பத்திரமாக வைத்துக்கொள்ள வேண்டும். தொலைத்தால் அவர்களிடமும் நகல் கிடையாது.

விண்ணப்பத்தில் முதல் கட்டம் தளத்தின் முகவரி. இரண்டாவது நிறுவனத்தின் பெயர். அமிர்தராஜ் அந்தக் கட்டத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார். கம்பெனியில் ஒரு மோட்டார் எவ்வளவு நன்றாக ஓடினாலும் பெயர்த் தகடு அடிக்காமல் கேட்டைத் தாண்டாது. தகடு அடிக்கிற இடம் இதுதான் என்று அவருக்குத் தெளிவாகத் தெரிந்தது. 'இன் லவ்விங் மெமரி ஆஃப்' வரைக்கும் ஆங்கிலத்தில் தட்டிவிட்டு, அப்புறம் ஒவ்வொரு எழுத்தாகத் தேடிப் பிடித்துக் 'கரோலின்' என்று அடித்தார். அடித்து முடித்ததும், யாராவது பார்க்கிறார்களா என்று வாசலைத் திரும்பிப் பார்த்துக்கொண்டார்.

அதற்குக் காரணம் உண்டு. முப்பத்தாறு வருஷத்தில் அவர் மனைவியைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை. அவள் அவரை 'ஏனுங்க' என்பாள், அவர் அவளை 'இந்தா' என்பார். குடும்பம், வரவு, சண்டை, சமாதானம் எல்லாம் இந்த இரண்டு வார்த்தையிலேயே நடந்து முடிந்துவிட்டது. வெளியாட்களிடம் பேசும்போது 'ஊட்டுல' என்பார், உறவில் 'ஜெனி அத்தை' என்பார். கோபமோ கர்வமோ கிடையாது, வெறும் வெட்கம். கல்யாணமான புதிதில் பழகாத வாய் பிறகு பழகவே இல்லை. ஆஸ்பத்திரியில் கடைசி நாளன்று, கண் திறக்காமல் கிடந்தவளைக் காட்டி நர்ஸ் பெண், "பேரைச் சொல்லிக் கூப்பிடுங்கய்யா, அவங்களுக்குக் கேக்கும்" என்றாள். அவர் குனிந்து, "இந்தா" என்றார். இன்னொரு தடவை, "இந்தா" என்றார். அதற்கு மேல் வரவில்லை. அன்று சாயங்காலம் அவள் போய்விட்டாள்.

இதை அவர் யாரிடமும் சொன்னதில்லை. ஒரு வருஷமாக அது அவரை உள்ளே அறுத்துக்கொண்டே இருந்தது. வாயால் சொல்லாத பெயரை எழுத்திலாவது, அழியாத இடத்தில், தன் காசில் எழுதிவிட வேண்டும். சான்றிதழ் வாங்கியதற்கு உண்மையான காரணம் இதுதான்.

விண்ணப்பம் ஒரே தடவையில் போகவில்லை. நாட்டின் பெயரை முழுசாக எழுதியதற்கு ஒரு தடவை திருப்பி அனுப்பியது. இரண்டே எழுத்துதான் வேண்டுமாம். மாநிலத்தை விட்டுவிட்டதற்கு இரண்டாவது தடவை. மூன்றாவது தடவை ஏற்றுக்கொண்டது. முகவரி உம்முடையதுதானா என்று நிரூபிக்க ஒரு கோப்பைக் கொடுத்து, தளத்தில் இன்ன இடத்தில் வை என்றார்கள். வைத்தார். புதன்கிழமை மத்தியானம் சான்றிதழ் வந்து சேர்ந்தது.

ஹோஸ்டிங் கணக்கைத் திறந்து, நாலு பக்கமும் விளம்பரம் மின்னுகிற அந்தப் பக்கத்தில் எஸ்.எஸ்.எல். என்ற இடத்தைக் கண்டுபிடித்தார். இரண்டு பெட்டிகள். மேலே சாவியை ஒட்டு, கீழே சான்றிதழை ஒட்டு. ஒட்டினார். 'இந்தச் சாவிக்கும் இந்தச் சான்றிதழுக்கும் பொருத்தமில்லை' என்று சிவப்பில் வந்தது.

வியாழக்கிழமை முழுக்க அதிலேயே போனது. அவர் சாப்பிட மறந்ததில் மாசாணியம்மாள் கொண்டுவந்து வைத்த ரசம் ஆறிப்போனது. மூன்று தடவை விண்ணப்பித்தபோது மூன்று சாவி கொடுத்திருக்கிறார்கள் என்பதும், தான் பத்திரப்படுத்தியது முதல் சாவியை என்பதும் சாயங்காலம்தான் உறைத்தது. ஒரு மோட்டாரின் உடம்புக்குள் இன்னொரு மோட்டாரின் சுழலியைத் திணித்தால் எப்படி ஓடும்? நல்லவேளை, கம்ப்யூட்டரே மற்ற இரண்டையும் ஒரு மூலையில் போட்டு வைத்திருந்தது. வெள்ளிக்கிழமை காலை மூன்றாவது சாவியை எடுத்து ஒட்டினார். அதுவும் பொருந்தவில்லை.

வேறு வழியில்லாமல் ஜெனிஷாவுக்குத் திரையைப் போட்டோ எடுத்து அனுப்பினார். அவள் உடனே கூப்பிட்டாள்.

"மாமா, ஆரம்பத்துலயும் முடிவுலயும் கோடு கோடா ரெண்டு வரி இருக்குமே, எங்கீங்க?"

"அது 'இங்கே வெட்டவும்'னு போட்ட கோடில்லையா? கத்தரிச்சுப்போட்டேன்."

அந்தப் பக்கம் ஜெனிஷா இருமினாள். சிரிப்பை அடக்குகிறாள் என்று தெரிந்தது. "அதையும் சேத்து ஒட்டுங்க மாமா. இன்னொண்ணு, சாவியை யாருக்கும் போட்டோ எடுத்து அனுப்பாதீங்க. எனக்கும்தான். நான் இப்பவே அழிச்சுப்போடறேன்."

சேர்த்து ஒட்டினார். பச்சையில் ஒரு டிக் விழுந்தது. தளத்தை மூடித் திறந்தார். 'பாதுகாப்பு இல்லை' என்ற வார்த்தை காணாமல் போயிருந்தது. அமிர்தராஜ் நாற்காலியை விட்டு எழுந்து, ஜன்னலில் தலையை நீட்டி, "மாசாணியம்மா, இப்பத் தொறந்து பாரம்மா" என்று சத்தம் போட்டார். பட்டம் வாங்கிய மாதிரி இருந்தது அவருக்கு.

அப்புறம்தான் பெயரைப் பார்க்க உட்கார்ந்தார். முகவரிக்குப் பக்கத்தில் தட்டினால் 'இணைப்பு பாதுகாப்பானது' என்று வரும், அதைத் தட்டினால் 'சான்றிதழ் செல்லுபடியாகும்' என்று வரும், அதையும் தட்டினால் சான்றிதழே விரியும். எல்லாம் ஆங்கிலத்தில். மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு படித்தார். யாருக்கு வழங்கப்பட்டது: முதல் வரியில் 'பீளமேடு பிளட்' முகவரி. இரண்டாவது வரி, நிறுவனம். அதற்கு நேரே இருந்ததை அவர் இரண்டு தடவை படித்தார்.

'சான்றிதழில் இடம் இல்லை' என்கிற அர்த்தத்தில், கோண அடைப்புக்குறிக்குள், சின்ன எழுத்தில் ஒரு வரி. கரோலினைக் காணோம்.

ஜெனிஷாவை மறுபடி கூப்பிட்டார். குரலை அடக்கத்தான் பார்த்தார், முடியவில்லை. "பேரை எடுத்துப்போட்டானுங்க கண்ணு! நான் எழுதிக் குடுத்தேன், காசையும் வாங்கிக்கிட்டு எடுத்துப்போட்டானுங்க!"

"ஐயோ மாமா, என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமில்லீங்க. இந்த மாதிரி சான்றிதழ்ல முகவரி உங்க கையில இருக்குதான்னு மட்டும்தான் பாப்பாங்க. மத்ததுக்கு அவங்க பொறுப்பில்ல, அதனால வெட்டிருவாங்க. நிறுவனத்துப் பேரு வரோணும்னா அதுக்கு வேற சான்றிதழு. பதிவுப் பத்திரம் காட்டோணும், அவங்க போன் பண்ணி விசாரிப்பாங்க."

"அவளுக்கு என்ற கையில இருக்கற ஒரே பத்திரம் சாவுச் சான்றிதழ்தான் ஜெனி. அதைக் காட்டட்டுமா?"

அவர் போனை வைத்துவிட்டார். கோபம் தணிந்தபோது மிஞ்சியது அழுகை. வீட்டில் யாரும் இல்லை என்பதால் அடக்கிக்கொள்ள வேண்டிய அவசியமும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை சைமன் மைக்கில் 'கரோலின் நினைவாக' என்று வாசிக்கத்தான் போகிறார். கோயிலில் யாரும் தட்டிப் பார்க்கப் போவதும் இல்லை. ஆனால் அதற்குள் அவள் பெயர் இல்லை என்பது அவருக்குத் தெரியும். வாயிலும் இல்லை, எழுத்திலும் இல்லை.

சனிக்கிழமை காலை எட்டு மணி இருக்கும், கரோலினின் போன் அடித்தது. அவள் போன பிறகும் அந்த நம்பரை அவர் நிறுத்தவில்லை. முன்பு போல அடிக்கடி வராது, எப்போதாவது வரும்.

"கரோலின் அக்காங்களா?" ஒரு ஆண்குரல், மூச்சு வாங்கிக்கொண்டு.

"இல்லீங்க. நான் அவிய ஊட்டுக்காரர் பேசறேன். சொல்லுங்க."

"அன்னூருங்க எங்களுக்கு. என்ற பேரு மதன்குமாருங்க. தங்கச்சியை இங்க கோயமுத்தூருல பிரசவத்துக்குச் சேத்திருக்குதுங்க. ரத்தம் நிக்க மாட்டீங்குது. ஓ நெகட்டிவ் வேணுமாம். யாருகிட்டக் கேட்டாலும் கரோலின் அக்காவைக் கேளுங்கன்னுதானுங்க சொல்றாங்க. அக்காகிட்டக் குடுக்கறீங்களா?"

அக்கா இல்லை என்று விளக்கிக்கொண்டிருக்க அது நேரமில்லை. ஆஸ்பத்திரி, வார்டு விவரங்களை வாங்கிக்கொண்டு நோட்டைத் திறந்தார். ஓ நெகட்டிவ் பக்கத்தில் ஐந்து பேர். இரண்டு பெயரைக் கரோலினே அடித்திருந்தாள், ஒருவர் துபாயில். மீதி இருவர். தன் போனில் முதல் ஆளைக் கூப்பிட்டார். வெளியூரில் இருப்பதாகச் சொன்னார். இரண்டாவது ஜெப்ரி, பஸ் ஸ்டாப் பக்கம் ஜெராக்ஸ் கடை வைத்திருப்பவன். பெயருக்குப் பக்கத்தில் 'பயந்தாங்கொள்ளி, ஆனால் கண்டிப்பாக வருவான், ஊசி போடும்போது பேச்சுக் கொடுக்கணும்' என்று எழுதியிருந்தது.

கூப்பிட்டார். அடித்து ஓய்ந்தது. மறுபடி கூப்பிட்டார். நடுவில் கட் செய்துவிட்டான். மூன்றாவது தடவையும் எடுக்கவில்லை. கடன் கொடுக்கிறோம் வாங்கிக்கொள்ளுங்கள் என்று ஒரு நாளைக்குப் பத்துப் பேர் கூப்பிடுகிற காலத்தில், தெரியாத நம்பரை எவன் எடுப்பான்? அமிர்தராஜ் தன் போனைக் கீழே வைத்தார். பிறகு என்ன தோன்றியதோ, கரோலினின் போனை எடுத்து அதே நம்பருக்குப் போட்டார்.

முதல் மணி முழுசாக அடிக்கவில்லை.

"அக்கா?" என்றான் ஜெப்ரி.

அமிர்தராஜ் செருமினார். அவனும் சுதாரித்துக்கொண்டான். "மன்னிச்சுக்கங்க அண்ணா. ஸ்கிரீன்ல கரோலின் அக்கான்னு வந்துதுங்களா, ஒரு நிமிசம் எல்லாம் மறந்துபோச்சுங்க. எந்த ஆஸ்பத்திரின்னு சொல்லுங்க, வாரேன்."

எதற்குக் கூப்பிட்டீர்கள் என்றுகூடக் கேட்கவில்லை. அந்தப் பெயரிலிருந்து போன் வந்தால் அது எதற்கு என்று அவனுக்குத் தெரியும்.

அமிர்தராஜ் பஸ் பிடித்து ஆஸ்பத்திரிக்குப் போனார். ஜெப்ரி கட்டிலில் படுத்துக் கண்ணை இறுக்க மூடிக்கொண்டிருந்தான். அவர் பக்கத்தில் உட்கார்ந்து, மூன்று சாவிகளின் கதையையும் 'இங்கே வெட்டவும்' கதையையும் சொல்லி அவனுக்குப் பேச்சுக் கொடுத்தார். ரத்தப் பை நிறைவதற்குள் அவன் சிரிக்கவே ஆரம்பித்துவிட்டான். பதினோரு மணிக்கு மதன்குமார் வெளியே ஓடி வந்து, தங்கச்சி பிழைத்துக்கொண்டாள், பெண் குழந்தை என்று சொல்லி அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதான். "கரோலின் அக்காவுக்குச் சொல்லிப்போடுங்க" என்றான். சொல்லிவிடுவதாக அவர் தலையாட்டினார்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் ஜன்னல் ஓரம் இடம் கிடைத்தது. ஹோப் காலேஜ் ஸ்டாப் வருவதற்குள் அவருக்கு விஷயம் பிடிபட்டுவிட்டது. அவள் பெயரைத் தகட்டில் எழுதத் தேவையே இல்லை. ஊருக்கு ஏற்கெனவே அதுதான் முகவரி. அன்னூர்க்காரன் அந்தப் பெயரைத்தான் தேடி வந்தான், ஜெப்ரி அந்தப் பெயரைப் பார்த்துத்தான் போனை எடுத்தான். 'பீளமேடு பிளட்' என்ற ஒன்று இருப்பது காலையில் இரண்டு பேருக்கும் தெரியாது. சான்றிதழ் கொடுக்கிறவன் முகவரியை மட்டும்தான் எழுதுவான் என்றால், எழுதட்டும். முகவரியை மாற்றிவிட்டால் போயிற்று.

வீட்டுக்கு வந்ததும் உட்கார்ந்தார். கரோலின் என்ற ஒற்றைப் பெயரை எவரோ முன்பே வாங்கிவிட்டிருந்தார்கள். 'கரோலின் அக்கா' கிடைத்தது. கட்டிய மனைவியை அக்கா என்று எழுத விரல் கொஞ்சம் கூசியது. ஆனால் ஊரே அப்படித்தான் கூப்பிட்டது, ஊருக்காகத்தானே தளம் என்று வாங்கிப்போட்டார். அதே இலவசக் கணக்கில் சேர்த்தார். பழைய சான்றிதழ் பழைய முகவரிக்கு மட்டும்தான் செல்லும் என்பதால் இன்னொன்று வாங்கினார். இந்தத் தடவை நாட்டுக்கு இரண்டு எழுத்து, மாநிலம் முழுசாக, ஒரே விண்ணப்பம், ஒரே சாவி, கோடுகள் பத்திரமாக மேலேயும் கீழேயும். நிறுவனம் என்ற கட்டத்தைக் காலியாக விட்டார். நாலு மணிக்குச் சான்றிதழ் வந்தது, நாலேகாலுக்குப் பச்சை டிக் விழுந்தது.

விரித்துப் பார்த்தார். யாருக்கு வழங்கப்பட்டது என்பதற்குக் கீழே முதல் வரியிலேயே அவள் இருந்தாள். இரண்டாவது வரியில் அதே 'இடம் இல்லை' இருந்தது. இருந்துவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிவில் சைமன் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு அறிவிப்பை வாசித்தார். புதிய முகவரியை மைக்கில் சத்தமாகப் படித்தார். வெளியே வந்ததும் அமிர்தராஜை ஓரங்கட்டி, "ஏனுங்க, சொந்தப் பொண்டாட்டியைப் போயி அக்கான்னு எழுதியிருக்கறீங்க" என்று கிண்டலடித்தார். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். சாயங்காலத்துக்குள் இருபத்தாறு பேர் பதிந்திருந்தார்கள். முதல் ஆள் மாசாணியம்மாளின் பையன்.

திங்கட்கிழமை காலை பத்து மணிக்குக் கரோலினின் போனுக்கு ஒரு பெண் கூப்பிட்டாள். பெயர் லோகப்பிரியா, சரவணம்பட்டிப் பக்கம் ஒரு கல்லூரியில் பாடம் நடத்துகிறவள். ஆஸ்பத்திரியில் யாரோ இந்த நம்பரை மட்டும் கொடுத்தார்களாம். விடுதியில் இருக்கும் மாணவிகள் நாற்பது பேர் ரத்தம் கொடுக்கத் தயாராக இருக்கிறார்களாம். எங்கே பதிய வேண்டும் என்று கேட்டாள்.

"வெப்சைட் இருக்குதுங்க அம்மணி. அதுல பதிஞ்சுபோடலாம்."

"சொல்லுங்க சார், எழுதிக்கறேன்."

அமிர்தராஜ் வாயைத் திறந்தார். அப்போதுதான் அவருக்குத் தெரிந்தது, இதைச் சொல்லாமல் தளத்தைச் சொல்ல வழியே இல்லை. 'ஊட்டுல' என்றோ 'ஜெனி அத்தை' என்றோ சொன்னால் அந்தப் பெண் எதை எழுதுவாள்? போனை மறு காதுக்கு மாற்றிக்கொண்டார்.

"கரோலின்" என்றார்.

"சரியாக் கேக்கலைங்க. கொஞ்சம் சத்தமாச் சொல்றீங்களா?"

"கரோலின்!" பிரிவு முழுக்கக் கேட்கிற அந்தப் பழைய ஃபோர்மேன் குரல் எங்கிருந்தோ வந்தது. அடுப்படி வரைக்கும் போயிருக்கும். "கரோலின் அக்கா டாட் இன்!"

"எழுதிட்டேனுங்க. யாருங்க சார் கரோலின் அக்கா?"

"என்ற ஊட்டுக்காரிங்க" என்றார். கண்ணிலிருந்து கன்னத்துக்கு இறங்கியதைத் தோள்துண்டால் துடைத்துக்கொண்டார்.

லோகப்பிரியா நன்றி சொன்னாள். இன்றைக்கே எல்லோரையும் பதியச் சொல்வதாகச் சொன்னாள். போனை வைக்கப் போனவளை அவர் அவசரமாகத் தடுத்தார்.

"இருங்க அம்மணி. இன்னொருக்காச் சொல்லட்டுங்களா?"